விரலை எடுக்காத செண்பகம்

வியாழக்கிழமை காலை, முதல் நோயாளிக்கு மரப்பு ஊசி போடப் போகும்போது செண்பகத்தின் மகள் போன் செய்தாள். "அம்மா போயாச்சு டாக்டர். நெஞ்சு வலிக்குன்னு சொன்னா, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் தரல்ல." ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். அன்று யாருக்கும் வைத்தியம் பார்க்கவில்லை.

சாலைக் கடைத்தெருவிலுள்ள என் பல் மருத்துவமனையில் பதினேழு வருடம் நர்ஸாக இருந்தவர் செண்பகம். அவருடைய உரத்த சிரிப்பும் அதட்டலும் அங்கே வந்துபோன உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு நண்பகலில் அவர் செய்ததை, சம்பந்தப்பட்ட குடும்பத்தைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு, செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகைக் கீழ்த்தாடையின் முன்பக்கம் பொருத்திக்கொண்டிருந்தேன். துளைக்கும்போது எலும்பின் இறுக்கம் சட்டென்று இல்லாமல் போனது. அது எனக்குத் தெரிந்தது. தெரியாததுபோலத் தொடர்ந்தேன். வெளியே ரத்தம் அதிகம் வரவில்லை. வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றினேன்.

செண்பகம் மட்டும் அவர் வாயைப் பார்த்தபடியே நின்றார். "டாக்டரே, நாக்கு பொங்கி மேல வருது, கேட்டேளா. இது மரப்புனால இல்ல."

துளைக்கும் கருவி தாடையின் உட்சுவரைத் தாண்டி, நாக்குக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயைக் கிழித்திருந்தது. ரத்தம் உள்ளேயே தேங்கி நாக்கை மேலே தள்ளியது. அவரால் பேச முடியவில்லை. மூச்சில் கரகரப்பு கேட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். செண்பகம் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பஞ்சுத்துணி சுற்றிய இரண்டு விரல்களை நாக்கின் அடியில் கொடுத்து, மறுகையால் தாடைக்குக் கீழிருந்து அழுத்திப் பிடித்தார்.

"சும்மா நிக்காதீங்க. ஆம்புலன்ஸ விளிங்க!"

கிழக்கேகோட்டை நெரிசலில் வண்டி ஊர்ந்தது. மூச்சுக்குத் தவித்தவர் செண்பகத்தின் விரலைக் கடித்தார். நான் பதறினேன். "கடிக்கட்டு டாக்டரே. கடிக்கதுக்கு உயிரு வேணும்லா" என்றார். விரலை எடுக்கவில்லை.

ஆசுபத்திரியில் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்து, கிழிந்த ரத்தக்குழாயைக் கட்டினார்கள். பிழைத்துக்கொண்டார். வராந்தாவில் அவர் மகன் என்ன நடந்தது என்று கேட்டான். "சில பேருக்கு இப்படி ஆறதுண்டு" என்று தொடங்கினேன்.

"நடந்ததச் சொல்லுங்க டாக்டரே. உள்ள கிடக்கது அவன் அப்பாவில்லையா?" என்றார் செண்பகம்.

சொன்னேன். மகன் என் சட்டையைப் பிடித்தான். செண்பகம் விலக்கிவிடவில்லை.

பிறகு பல நாள் அந்தக் கருவியை நான் தொடவில்லை. இனி அறுவைசிகிச்சை வேண்டாம், பயமாக இருக்கிறது என்றேன். செண்பகம் கடிபட்ட விரலில் துணிக்கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். "பயம் இருக்கட்டு. அது இல்லாததுனாலல்லா அன்னைக்கு நிறுத்தாமப் போனீங்க."

அந்தப் பயம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது. நேற்று ஒரு பெண்மணிக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்தபின் ஒரு மணிநேரம் போக விடவில்லை. "எதுக்கு டாக்டர் திரும்பத் திரும்ப நாக்கத் தூக்கிப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு வாயை நன்றாகத் திறந்தார்.