முதல் பக்கத்தில் ஒரு பொய்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் "தம் இல்லத்தில் இயற்கை எய்தினார்" என்று அச்சாகியிருக்கிறது. அந்த வரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கூரத்தில், அடுத்தவர் நிலத்தில் போட்ட குடிசையில். நிலத்துக்காரர் கிளம்பச் சொன்ன அன்றே சட்டி பானையோடு கிளம்பிய குடும்பம். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டு தென்னேரிக்கு வந்தார். அம்மாவும் அவருமாகக் கல் சுமந்து கட்டியதுதான் இந்த இரண்டு அறை வீடு. யாரிடமும் கை நீட்டாதவர். கோபம் மட்டும் மூக்கின் மேல் நிற்கும்.

அம்மா காலமானபோதே தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அப்பாவைத் தாம்பரத்துக்கு, என் வீட்டுக்கு அழைத்துப் போவேன். மூன்றாம் நாள் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக் கதவருகே உட்கார்ந்துவிடுவார்.

"இங்க இன்னாப்பா குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. அங்கதான் என்னை யாரும் போன்னு சொல்ல முடியாது."

கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அதே பேச்சுதான். "உசுரு வெளிய போச்சுன்னா ஊட்டுக்குள்ள வுட மாட்டாங்க. தெருவுலயே போட்டுடுவாங்கம்மா." நான்தான் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று இழுத்தேன். மருத்துவர் கைவிரித்த பிறகே ஆம்புலன்சில் ஏற்றினேன். வாலாஜாபாத் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

கூரத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா வாசலில் மறித்தார். "மூச்சு இருக்குதாம்மா? இல்லன்னா வெளியவே பெஞ்சு போட்டுடலாம்."

"இருக்குது சித்தப்பா" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தெருவுக்கே கேட்கும்படி, "இருக்குது, இருக்குது! சீக்கிரம் உள்ள தூக்கிக்கினு வாங்கப்பா, பால் ஊத்தணும்" என்றார்.

சித்தப்பா என்னை மன்னிக்க வேண்டும். அப்பாவைத் தோள்கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், காரியங்கள் முடியும்வரை கூடவே நின்ற பங்காளிகளுக்கும், தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. பெரியம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லப் போனேன். அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நன்றி இன்னாத்துக்குமா? அவரு ஊட்டுக்கு அவரு வந்தாரு."