மரியதாசனின் நாரிப்பிடிப்பு

மொன்றியல் பனிக்குள் பால் லொறி ஓட்டும் மரியதாசனுக்கு அந்தோனியாரும் வேண்டும், கார்ப் பந்தயமும் வேண்டும். 2004 ஆனியில் திருநாளும் பந்தயமும் ஒரே ஞாயிறில் வந்து தொலைத்தன. ஊர்வலத்தில் அந்தோனியார் சுரூபம் தூக்க வேண்டியவர், நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க ஏலாது என்று கோயிலுக்குப் பொய் சொல்லிவிட்டு, மெற்றோ ஏறிப் பந்தயத்துக்குப் போய்விட்டார்.

மாலையில், அவருக்குப் பதிலாகச் சுரூபம் தூக்கிய டெனிஸ்டன், பூசையில் மந்திரித்துச் சாப்பிடக் கொடுத்த அந்தோனியார் பாணோடு வீட்டுக்கு வந்தான்.

“அண்ணை, பூசையில எல்லாரும் உங்களுக்காக மன்றாடினனாங்கள். இப்ப எப்பிடி?”

மரியதாசனின் காதுக்குள் கார்கள் இன்னும் இரைந்துகொண்டிருந்தன. “இப்ப சுகம்” என்றார்.

கோயில்காரர் விட்டார்களா? அடுத்த ஞாயிறே அந்தப் புதுமைக்கு, அந்தோனியார் செய்த அற்புதத்துக்கு, சாட்சி சொல்லப் பீடத்தின் முன்னால் நிறுத்திவிட்டார்கள். “ஓம், அந்தோனியார்தான் சுகமாக்கினவர்” என்றார் தலை குனிந்தபடி. முன்வரிசையில், சக்கர நாற்காலியில் இருந்த கிளியக்கா, தானும் எழும்புவேன் என்ற நம்பிக்கையில் அவரையே பார்த்துக் கைகூப்பினார்.