தோலோடு ஏறிய மூன்று கோடுகள்

தில்லை நகரில் நான் தியேட்டர் சிஸ்டராக இருந்த ஆஸ்பத்திரியில், முறிந்த விலா எலும்புக்குச் சின்ன வெட்டில் உலோக பிளேட் வைப்பது அப்போது புதிது. நெஞ்சுக்குள் ஒரு கேமரா, வெளியே விரல் நீள வெட்டு, அதன் வழியாக பிளேட். இத்தனூண்டு இடத்தில் எப்படி முடியும் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல்.

முதலில் வந்தவர் வையம்பட்டி விவசாயி. டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து வலப்பக்கம் மூன்று எலும்பு முறிந்திருந்தது. இரும முடியாமல் நுரையீரலில் சளி தேங்கிக்கொண்டே போனது. இப்படியே விட்டால் வென்டிலேட்டர்தான் என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். நான் இருமச் சொன்னதற்கு, "இருமினா உசுரே போகுதுங்க சிஸ்டர்" என்றார்.

மறுநாள் காலை வார்டில் டாக்டர் ஸ்கேன் வைத்துக் காட்டக் காட்ட, வெட்ட வேண்டிய இடம் தெரிய, அவர் விலாத் தோலில் பேனாவால் முறிவுக்கு ஒன்றாக மூன்று கோடு போட்டேன். படுக்க முடியாததால் அவர் உட்கார்ந்தே இருந்தார். கோடு நேர்த்தியாக விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

தியேட்டரில் மயக்கம் கொடுத்து, இடப்பக்கமாகச் சாய்த்து, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தோம். கேமரா உள்ளே போனது. மேல் கோட்டில் வெட்ட டாக்டர் கத்தி கேட்டார். கொடுக்கும் முன் அந்தக் கோட்டை விரலால் அழுத்தினேன். உள்ளே எப்படித் தெரியும் என்று பார்க்கும் ஆசைதான். திரையில் அமுங்கிய இடத்தில் முறியாத எலும்பு இருந்தது. முறிவு அடுத்த எலும்பில்.

கத்தியைக் கொடுக்காமல் நிறுத்தினேன். "சார், கோடு தப்பா இருக்கு. நான் போட்டதுதான்."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீழ அழுத்துங்க. இன்னும் கொஞ்சம். அங்கதான்" என்று சொல்லி, என் விரல் இருந்த இடத்தில் வெட்டினார்.

கோடு எப்படித் தப்பியது என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போனதும் கணவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, விலாவில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். கையைத் தூக்கினார். எலும்பு அங்கேயே நிற்க, தோல் கையோடு போனது. பொட்டு ஒரு எலும்பு தாண்டி ஏறிவிட்டது. "காபி உண்டா, இல்ல இப்படியே நிக்கணுமா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் விவசாயி விலாவைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமினார். அவர் மனைவி அழுதுவிட்டார். நானும்தான்.

தியேட்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெட்டப்போகும் நிலையில் நோயாளியைப் படுக்க வைத்த பிறகு கோடு போடுங்கள். அப்படியும் தப்பினால், கத்தியைக் கொடுக்கும் முன் வாயைத் திறந்துவிடுங்கள். வெட்கப்பட அப்புறம் நேரம் இருக்கிறது.