இரு, வண்டி போகட்டும்

என் கணவரின் குரல் எங்களிடம் பதினோரு நொடிதான் மிச்சம். "ஜீயபுரம் தாண்டிட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிரு. வாழைத்தார் ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?" வாட்ஸப்பில் அனுப்பியது. வேண்டும் என்றேனா, வேண்டாம் என்றேனா, நினைவில்லை. அவர் போய் மூன்று வருடமாகிறது. டப்ளினில் இருக்கும் மகள் அந்தப் பதினோரு நொடியை எத்தனை தடவை கேட்டாளோ, ஒருநாள் சொன்னாள்: "அப்பாவத் தொலைச்ச மாதிரி உன்னத் தொலைக்க மாட்டேம்மா."

அப்படித்தான் அந்தச் செயலி என் கைபேசிக்குள் வந்து உட்கார்ந்தது. நாளுக்கு ஐந்து கேள்வி. பதிலைப் பேசிப் பதிய வேண்டும். பேசப் பேச, என் குரலும் நினைவும் குணமும் சேர்ந்து இன்னொரு நான் உருவாகும். நான் இல்லாத காலத்தில் அவளோடும், அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளோடும் அது பேசும்.

அமைதியான அறையில் பேசச் சொன்னது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டியது. வண்டி போனால் டம்ளர்கூட முணுமுணுக்கும். ஜன்னல்களைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். வண்டி இல்லாத இடைவெளி பார்த்து, வியர்க்க வியர்க்கப் பேசினேன். போதாக்குறைக்கு எழுதுகிறவளின் புத்தி: ஒவ்வொரு பதிலையும் முதலில் தாளில் எழுதி, அடித்து, திருத்தி, பிறகே வாசித்தேன். காவிரியைப் பற்றி மட்டும் நான்கு பிரதிகள். மாமியாரோடு போட்ட சண்டைகளை எடுத்துவிட்டேன். கணவர் மருத்துவமனையில் கிடந்தபோது, பார்க்கப் பயந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, எடமலைப்பட்டி புதூர் வரை போய்ச் சும்மா திரும்பிய மத்தியானத்தையும் எடுத்துவிட்டேன்.

நான்கு மாதத்தில் அது தயாரானது. அதன் பிறகு மகளின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு ஒரு வாரம் தவறியது. அடுத்த வாரமும். "வேலைம்மா" என்று ஒரு வரி வந்தது. மூன்றாம் ஞாயிறும் போன மறுநாள், பேச ஆளில்லாமல், அதைத் திறந்து கேட்டேன்: "பொண்ணு பேசினாளா?"

என் குரல் எனக்குச் சொன்னது: "ஞாயிற்றுக்கிழமை அவள் தவறுவதேயில்லை. அவள் குரலில்தான் என் வாரம் விடிகிறது."

நான் எழுதிக் கொடுத்த வரிதான். எழுதியபோது உண்மையாகவும் இருந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நான்காம் ஞாயிறு அவளே அழைத்தாள்.

"ஏம்மா, அந்த ஆப்ல இருக்கற அம்மா எப்ப இவ்ளோ நல்லவளானா? ஒரு திட்டு கிடையாது. லேட்டா எழுந்தேன்னு சொன்னா, காலை வெளிச்சத்தப் பத்திப் பேசுது!"

"பிடிக்கலையா?"

"அழகாத்தான் பேசுது. அதக் கேட்டுக்கிட்டே உனக்குப் போன் பண்ணாம இருந்துட்டேன், திட்டாத. ஆனா அது நிறுத்தவே மாட்டேங்குதும்மா."

"எதை?"

"பேச்சை. நீ பாதியில, 'இரு, வண்டி போகட்டும்'னு நிறுத்துவல்ல? அது ஒரு தடவைகூடச் சொல்லல."

சிரித்துவிட்டேன். "ரயில் சத்தத்துக்கா இந்த ஏக்கம்?"

"சத்தம் எங்க கேக்குது? இந்த போன் வெளிச் சத்தத்தையெல்லாம் அமுக்கிரும். நீ சும்மா இருக்கறதுதான் எனக்குக் கேக்கும். நானும் சும்மா இருப்பேன். அப்பதான் வீட்ல உன் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்."

இத்தனை வருடம் அந்த இடைவெளிகளை வீணான நிமிடங்கள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசினேன். தாள் இல்லை. பஸ்ஸில் சுற்றிய அந்த மத்தியானத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டி வந்தது. "இரு, வண்டி போகட்டும்" என்று நிறுத்தினேன். கடைசிப் பெட்டி போனதும் திரையில் எழுத்து வந்தது: பின்னணி இரைச்சல் அதிகம், மீண்டும் பதிவு செய்யவும். மூன்று வண்டிகளுக்கு மூன்று முறை முயன்றேன். அதே வரி.

அடுத்த ஞாயிறு மகளோடு பேசினேன். அவளுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கும்தான். "சரிம்மா, துணி காயப்போடணும். வச்சிரட்டுமா?" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் வெயிலில் வெறுமனே கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் எதுவும் வரவில்லை.

"இரு" என்றேன். "வண்டி போகட்டும்."

அவள் வைக்கவில்லை.