வேட்டியில் காய்ந்த லசானியா

சமையற்காரன் தொழிலில் நெருப்பு சுடுவதைவிட, இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் "எங்க வீட்டில் இப்படி இருக்காதே" என்று சொல்வதுதான் அதிகம் சுடும். அடுப்படியில் என்னைப் போலவே வெந்துகொண்டிருக்கும் சகாக்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராத பலகாரத்துக்காக வேலை போகிற நிலைமை உங்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? எனக்கு வந்தது.

சாயிப்பா, சுக்கா?

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளுக்கு நடுவில் இருந்த ஒரு லாட்ஜில் நான் சமையல். பாலக்காட்டுத் தமிழன் என்பதால் எல்லோருக்கும் 'சாமி'. எனக்கு உதவிக்கு, என் வயதே ஆன தென்காசிக்காரர் செல்லையா. முதலாளி குரியாச்சன் நல்ல மனுஷர்தான். ஆனால் காலியாக ஒரு மூலையைப் பார்த்துவிட்டால் அதில் ஒரு மூட்டையை அடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. என் அடுக்களை மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

வருஷாவருஷம் மிளகு வாங்க ஓர் இத்தாலி வெள்ளைக்காரர், அந்த ஊர்ப் பேச்சில் சாயிப்பு, வந்து மாடியில் தங்குவார். இரண்டு வேளை என் சாம்பாரைச் சகித்துக்கொள்வார். மூன்றாம் வேளைக்குப் படகேறி எர்ணாகுளம் போய்விடுவார். அந்த வருஷம் முதலாளியின் தங்கை சிஸ்டர் ரோஸ்லின், ரோமில் கன்னியாஸ்திரீ, விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் சாயிப்பின் ஊர்ப் பலகாரம் என்று 'லசானியா' என்ற ஒன்றைச் சொல்லிவைக்க, முதலாளி நேராக அடுக்களைக்கு வந்தார். வேறு அடுப்பு தேடிப் போகிற வயதை நான் தாண்டியிருந்தேன். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் வேறு. அப்படிப்பட்ட என்னிடம்தான் முதலாளி இதைச் சொன்னார்.

"சாமியே, இந்தத் தவணையும் சாயிப்பு படகு ஏறிப் போனால், இந்த அடுக்களை சுக்கு கோடவுன் ஆகும், கேட்டோ!"

கடுகு

சிஸ்டர் பக்கத்தில் நின்று வாயாலேயே சொல்லிக்கொடுத்தார். மைதாவும் ரவையும் பிசைந்து, மெலிசாகத் தேய்த்து, அகலத் துண்டாக வெட்டி, வேகவைத்து, தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். தெற்கு இத்தாலியில் முட்டை சேர்க்காமலும் உண்டு என்றதும் எனக்கு அந்தத் தெற்கத்திக்காரர்கள் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அகலமாக வெட்டினால் லசானியா, நூலாக இழுத்தால் ஸ்பகெத்தி, குழலாக உருட்டினால் மக்கரோனி, எல்லாம் சேர்ந்தால் பாஸ்தா என்றார். ஒரே மாவுக்கு இத்தனை பெயரா என்று சிரித்தேன். பிழிந்தால் சேவை, பிடித்தால் கொழுக்கட்டை, உருட்டினால் சீடை என்று சொல்கிற நான் சிரித்திருக்கக் கூடாது.

எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவிலிருந்து டின் சீஸ் வந்தது. பாலைத் திரித்து வடிகட்டினேன். எல்லாம் அவர் சொன்னபடியே செய்து முதல் துண்டைத் தட்டில் வைத்தேன். ஆனால் தக்காளிக் குழம்பை இறக்கும்போது கை சும்மா இருக்குமா? தேங்காய் எண்ணெயில் இரண்டு வெடி கடுகு, கொஞ்சம் காயம், ஒரு கொத்து கறிவேப்பிலை. சிஸ்டர் ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டார். ருசியில்தான் என்று நினைத்துவிட்டேன்.

"சாமி, ரோமில் இதுக்குக் கடுகு தாளிக்கிறதில்லை. போப்புக்கே தாளிக்கிறதில்லை."

மேலே கனல், கீழே கனல்

அடுத்த இடைஞ்சல் அடுப்பு. சிஸ்டர் சொன்ன இரும்புப் பெட்டி அடுப்புக்கு நான் எங்கே போவேன்? விறகு கொண்டுவரும் மொய்தீன்காக்கா தலச்சேரிக்காரர். அவர்தான் வழி சொன்னார். உருளியில் அடுக்கி, மூடி, கீழே மெல்லிய தணல், மூடிமேல் கொட்டாங்கச்சிக் கனல். மணம் தெருவரை போனது. மூடியைத் திறந்ததும் காக்கா குனிந்து பார்த்தார். அவர்கள் ஊரில் ரொட்டியும் இறைச்சியுமாக அடுக்கிச் சுடும் சட்டிப்பத்திரி அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு துண்டைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சட்டிப்பத்திரி கொள்ளாம், நல்லாருக்கு சாமி. இறைச்சி வைக்க மறந்து போச்சு, அத்ர தானே?"

பருப்பு

அடுத்த வீட்டு ஹேமாபென் குஜராத்தி. மிளகு மண்டிக்காரர் மனைவி. சுத்த சைவம் என்று உறுதி கொடுத்து ஒரு கிண்ணம் அனுப்பினேன். அவர்கள் வீட்டில் கோதுமைத் துண்டுகளைப் பருப்பில் வேகவைத்து டோக்ளி என்பார்கள். அரை மணியில் கிண்ணம் கழுவித் திரும்பியது, கூடவே ஹேமாபென்னும்.

"இது எங்கட டோக்ளிதானே சாமி! பருப்பை மட்டும் யாரு தின்னது?"

வேட்டி

சாயிப்பு வருகிற நாளும் வந்தது. தேய்த்த துண்டுகளை லேசாக உலர்த்தினால் ஒட்டாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்துப் பரப்பிவிட்டு, சாயிப்பை வரவேற்கத் துறைமுகம் போகும் முதலாளிக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு, மார்க்கெட்டுக்குத் தக்காளி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் வாசலிலேயே கொதிக்கும் எண்ணெய் வாசனை. ஓடினேன். செல்லையா கடைசித் துண்டை வாணலியிலிருந்து எடுத்து வடித்துக்கொண்டிருந்தார். என் லசானியா அத்தனையும் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து முறத்தில் குவிந்து கிடந்தது. "என்ன காரியம் பண்ணினீர் ஓய்!" என்று கத்தியதுதான் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கு எதிரே சுக்கு மூட்டைகள் வரிசையாக வந்து இறங்கின.

செல்லையாவுக்கு என் கோபமே புரியவில்லை. அவருக்கும் கோபம்.

"மாடியில வேட்டி விரிச்சுக் காயப்போட்டா அது எண்ணெய்க்குத்தான சாமி? உப்பே போடாம வத்தல் போட்டிருக்கீரு, நாந்தான் மேல தூவி மானத்தக் காப்பாத்துனேன்."

சாயிப்பு

வேறு வழியில்லை. அவசர அவசரமாக மறுபடி பிசைந்தேன். மாவு ஊறவும் இல்லை, உலரவும் இல்லை. அதற்குள் சாயிப்பு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். காத்திருப்பவரைச் சும்மா வைக்கலாமா என்று செல்லையா, என்னைக் கேட்காமலே, பொரித்ததில் ஒரு தட்டும் நாரங்காய் ஊறுகாயும் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

என் லசானியா வெளியே வந்தது. அடுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே களி. சாயிப்பு முள்கரண்டியால் ஒரு குத்து குத்தினார். முள்கரண்டி அங்கேயே நின்றது. அதை மரியாதையாக நகர்த்தி வைத்துவிட்டு முதலாளியின் காதில் என்னவோ இங்கிலீஷில் சொன்னார். முதலாளி எழுந்து என்னை நோக்கி வர வர, என் கை தானாகவே தோள் துண்டை எடுத்து மடித்துக்கொண்டது. அவர் முகத்திலோ கோபமில்லை, ஒரே குழப்பம்.

"லசானியா தன் வீட்டில் தின்னுக்கொள்ளாம் என்கிறார் சாயிப்பு. ஆனா இந்தப் படபடன்னு பொடியுற சாதனம் இனியும் உண்டோ, நாளைக்கும் கிட்டுமோ, இங்கேதான் சாப்பிடுவேன்னு சொல்றார். சாமி, இதுக்குப் பேரு என்ன?"

ஆகவே சகாக்களே, நாம் உயிரைக் கொடுத்துச் சமைத்ததை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, நம் கூட்டாளி கெடுத்துவைத்ததை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவருக்குத்தான் விருந்தாளி என்று பெயர்.