பெற்றோல் திருகை மூடியவள்

என் கணவர் யோகனின் விமானத்தை விழுத்தியது நான்தான்.

விமானம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். துணிச் சிறகு, அலுமினியக் குழாய்கள், முதுகுக்குப் பின்னால் சின்னதாய் ஓர் எஞ்சின். ஒருவர் மட்டுமே இருக்கலாம். லிப்ட் திருத்தும் கம்பெனியில் யோகனோடு வேலைசெய்த நிமல், அதை வெளிநாட்டிலிருந்து துண்டு துண்டாக வரவழைத்திருந்தார். வத்தளைக்கு அப்பால் அவருடைய தென்னங்காணியில் வைத்து இருவரும் பொருத்திப் பூட்டினார்கள்.

ஞாயிறு வந்தால் அங்கேதான்! நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த காலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டு மேசையில் சிறகுப் படங்கள் விரிந்து கிடக்கலாமா? பொலிஸ் வந்து கேட்டால் பொழுதுபோக்கு என்றா சொல்வது?

“இஞ்சேருங்கோ, பறக்கிறதுக்கு வேற ஆக்கள் இல்லையே?” என்று கேட்டுக் கேட்டு என் வாய் நொந்தது.

“நீர் ஒருக்கா வந்து பாரும், பிறகு கதையும்” என்றார்.

போனேன். நிமல் ஏற்கெனவே பறந்திருந்தார். அன்று இவருடைய முறை. ஒவ்வொன்றாகக் காட்டினார். “இந்தத் திருகை மூடினா எஞ்சினுக்குப் பெற்றோல் போகாது.” திறந்துதான் வைத்திருந்தார். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, புல்தரையில் நின்ற மாடுகளைத் துரத்த இருவரும் போனார்கள்.

நான் மூடினேன்.

எஞ்சின் கிளம்பாது, வெட்கப்பட்டு வீட்டுக்கு வருவார், தொல்லை விட்டது... இவ்வளவுதான் நான் நினைத்தது.

கிளம்பிவிட்டது! குழாயில் மிஞ்சிய பெற்றோலே போதுமாம். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கத்தியிருக்கலாம். குறுக்கே ஓடியிருக்கலாம். என்ன செய்தேன் தெரியுமா? ‘சே, இதுவும் சரிவரவில்லையே’ என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன்!

ஓடியது. எழும்பியது. தென்னையின் பாதி உயரம்கூட இல்லை, சத்தம் நின்றது... ஒரு பக்கமாய்ச் சரிந்தது. ஓடிப்போனேன். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர், “பயப்பிடாதையும்” என்றார். என்னிடம்!

திருகு மூடியிருந்ததை நிமல் கண்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த பொலிஸ்காரர், வேறு யாராவது தொட்டார்களா என்று சிங்களத்தில் கேட்டார். ‘இல்லை, நான்தான் திறக்க மறந்துவிட்டேன்’ என்றார் யோகன். நான் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தால் நாசவேலை என்று எழுதுவார்கள், இருவரையும் கொண்டுபோவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாட்டு! பொலிஸ்காரர் போனபிறகு என்ன தடை?

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதே கதை: “திறக்க மறந்துபோனன்...” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “எத்தினை தரம் சொல்லுவியள்? விடுங்கோவன்!” என்று அவர்மேலேயே பாய்வேன். என் நியாயத்தைப் பார்த்தீர்களா?

இடுப்பு ஒருவாறு பொருந்தியது, தடியூன்றி நடக்கிறார். ஆனால் ஓர் ஆணியைக்கூட மறக்காத மனிதர் தன் ஞாபகத்தை நம்புவதை விட்டுவிட்டார். வேலையையும் விட்டார். “என்ர மறதியால லிப்டுக்குள்ள ஆரும் சாகக்கூடாது” என்றார். அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை.

இப்போது எங்கே புறப்பட்டாலும், பாமன்கடைச் சந்திவரை போய், கதவைப் பூட்டினேனா என்று திரும்பி வருகிறார். பூட்டித்தான் இருக்கும். ஒவ்வொரு தரமும் பூட்டித்தான் இருக்கும்! நேற்று வீட்டுத் திறப்பை என் கையில் தந்தார்.

“இனி நீர் பூட்டும். நீர் செய்தா எனக்குப் பயமில்லை.”

பூட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் திறப்போடு பின்னால் போனேன்.