கறுப்பனின் முதல் குட்டி

குட்டி போட வைக்கத் தோதான பொலிக்குதிரை எது என்று பார்த்துச் சொல்லுகிற தொழிலில், இன்றைக்கு விட்ட வாய்க்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் அடி விழும். என்னைப் போல வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

வாய் விட்டது

தூத்துக்குடியில் விசைப்படகு வைத்திருக்கும் சேவியர் அண்ணாச்சியிடம் கறுப்பன் என்றொரு இளங்குதிரை. காலில் பழைய அடி, அதனால் வண்டிப் பந்தயத்தில் ஓடியதே இல்லை. ஆனால் அந்த நெஞ்சும் நடையும்! பார்த்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. “இவனைப் பொலிக்கு விடுங்க, குட்டிக பறக்கும்” என்று அடித்துச் சொன்னேன். அண்ணாச்சி நம்பவில்லை.

“சரிலே, மொதக் குட்டி ஜெயிக்கட்டும். இல்லன்னா காயடிச்சு சுமை வண்டில பூட்டிருவேன், பாத்துக்க.”

வந்து சேர்ந்தது

மணப்பாட்டு மீனவர் சூசை தன் பெட்டைக்குதிரையைக் கறுப்பனிடம் சேர்த்தார். குட்டி பிறந்ததும் போன் வந்தது. விழுந்தடித்துப் போனேன். எலும்பும் தோலுமாக நின்றது, காது மட்டும் முழ நீளம். “கால் எலும்பைப் பாரும்! மூட்டைப் பாரும்!” என்று நான் குதிக்கிறேன். சூசை தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னவே, குதிரைக்குத்தான சேத்தோம்? கழுதை மாதிரில்லா நிக்கி!”

மணல் செய்த வேலை

நாலு வருஷம் வளர்த்தார் சூசை. தினமும் கடற்கரை ஈரமணலில்தான் ஓட்டம், அதனால் லாடமே அடிக்கவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள்தான் அடித்தார். நானும் கேட்கவில்லை, பாதித் தப்பு என்னுடையது.

கீழவைப்பார்ப் பக்கம் பந்தயம். கொடி விழுந்தது. தார் ரோட்டில் தன் கால் சத்தமே குட்டிக்குப் புதுசு, மிரண்டு மிரண்டு காலைத் தூக்கி வைத்தது. சனம் சிரித்தது. திடீரென்று ஓரத்து மணலைப் பார்த்தது பாருங்கள், வண்டியோடு இறங்கி, ஆத்தாடி, என்னா ஓட்டம்! மணலில் ஓடியே ரோட்டில் போன மூணு வண்டியை முந்திவிட்டது. நான் துண்டைச் சுழற்றிக் கத்தினேன். ரோட்டை விட்டு இறங்கினால் ஆட்டத்தில் சேர்த்தி கிடையாது என்பதே மறந்துபோச்சு. “தகப்பன் புத்தி” என்று முணுமுணுத்தார் சூசை. சேவியர் அண்ணாச்சி என் தோளைத் தட்டினார்.

“இன்னும் ஒரே ஒரு பந்தயம்லே. அன்னைக்கே மாட்டு டாக்டரையும் வரச் சொல்லுதேன்.”

தார் ரோடு

ஒரு மாதம் லாடத்தோடு தார் ரோட்டிலேயே குட்டியை நடத்தினோம், ஓட்டினோம். பிறகு பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாப் பந்தயம். தோற்றால் கறுப்பனின் வம்சம் அத்தோடு சரி.

போகும்போது நாலாவது. திரும்பும்போது மூணாவது. பைக்கில் பின்னாலேயே போன எனக்கு, வண்டி ஓட்டியவனைப் பார்த்து “விடுலே, விடு!” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கடைசி வளைவில் ஒன்றைத் தாண்டியது, எல்லைக்கோட்டுப் பக்கத்தில் இன்னொன்றையும் தாண்டியது. முதல்! என் குட்டி முதல்! சேவியர் அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதபடியே போனை எடுத்து, “டாக்டரே, வராதீங்க! வந்தாலும் கத்தி கொண்டாராதீங்க!” என்றார். நான் சந்தோஷத்தில் சூசையின் கையைப் பிடித்துக் குலுக்கி, “தகப்பனைப் பாத்தீரா!” என்றேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

“கறுப்பன் என்ன செஞ்சான்? எல்லாம் எங்க பெட்டை குடுத்த பாலுல்லா!”

குட்டி தோற்றால் தகப்பன், ஜெயித்தால் தாய், இரண்டுக்கும் நடுவில் ஏச்சு வாங்க ஒரு ஆள் வேண்டுமில்லையா, அந்த உத்தியோகத்தைத்தான் நான் விடாமல் பார்த்து வருகிறேன்.